வயலின் பொருள் வயலுக்கே

தை பிறந்து சம்பா அறுவடை நடைபெறும் காலத்தில், புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலை வழியே மூலக்குளத்தைக் கடந்து மேற்கே போவோர் இருவகைப் புகையைக் காண்பது வழக்கமாகிவிட்டது. ஒன்று, வீட்டு வாயிலிலும் சாலையோரத்திலும் கூட்டிக் குவித்த சருகுக்கு வைத்த தீயின் புகை. மற்றொன்று, நெல்லறுத்த வயலிலும் கரும்பு வெட்டிய கொல்லையிலும் தாளுக்கும் சோகைக்கும் வைத்த தீயின் புகை. முன்னது நகரத்தாரின் கைவேலை. பின்னது குடியானவரின் கைவேலை. எரிவது இரண்டிலும் ஒரே பொருள்தான். அது குப்பை என்பது பொதுவான எண்ணம். அது மண்ணிலிருந்து எடுத்த கடன் என்பதும், அக்கடனைத் திருப்பிச் செலுத்தாத நிலம் நாளடைவில் தரித்திரமடையும் என்பதுமே நமது அபிப்பிராயம்.

மூலக்குளம் என்னும் பெயரில் குளம் இருக்கிறது. அது சேர்ந்திருக்கும் நகராட்சியின் பெயரோ உழவர்கரை. குளத்தையும் உழவரையும் பெயரில் தாங்கி நிற்கும் இவ்விடத்தில் இன்று மனைகளும் மாடி வீடுகளுமே மிகுதி. நகரம் வளர்வதை யாரும் தடுக்க இயலாது. தடுக்க வேண்டுமென்று நாம் சொல்லவுமில்லை. ஆனால் விளைநிலம் சுருங்கச் சுருங்க, எஞ்சியுள்ள ஒவ்வொரு காணியும் முன்னிலும் அதிகமாக விளைந்தாக வேண்டும் என்பது எளிய கணக்கு. ஊசுடு ஏரியின் கீழும் பாகூர் ஏரியின் கீழும் எஞ்சியிருக்கும் வயல்களின் மண்வளம், அவற்றை உழுகிறவரின் சொந்த விஷயம் மட்டுமன்று. அவ்வயல்களை நம்பிச் சோறுண்ணும் நகரத்தாரின் விஷயமுமாகும். ஆகவே வைக்கோலைப்பற்றித் தலையங்கம் எழுதுவதா என்று எவரும் வியக்க வேண்டுவதில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஓர் ஏக்கர் நெல் வயலில் நல்ல விளைச்சல் கண்டால், நெல்லின் எடைக்கு ஏறக்குறையச் சமமாக, சுமார் 2 டன் வைக்கோலும் தாளும் கிடைக்கும். நெல் வைக்கோலில் தழைச்சத்து நூற்றுக்கு 0.5 முதல் 0.8 பங்கு வரையிலும், பொட்டாசியமாகிய சாம்பல்சத்து 1.2 முதல் 1.7 பங்கு வரையிலும் அடங்கியிருப்பதாக ஆராய்ச்சியாளர் கணித்திருக்கின்றனர். மணிச்சத்து மிகச் சொற்பம். கதிருக்கும் தண்டுக்கும் உறுதி தரும் சிலிக்கன் என்னும் மணற்சத்து 4 முதல் 7 பங்கு வரை உண்டு. இவ்வளவின்படி, ஓர் ஏக்கர் வைக்கோலில் 10 முதல் 16 கிலோ தழைச்சத்தும், 24 முதல் 34 கிலோ சாம்பல்சத்தும் இருக்கின்றன. கடையில் வாங்கும் உரமாகச் சொன்னால், இது ஏறக்குறைய அரை மூட்டை முதல் முக்கால் மூட்டை யூரியாவுக்கும், ஒரு மூட்டைக்குக் குறையாத பொட்டாஷுக்கும் சமம். பயிர் உண்ட சாம்பல்சத்தில் பெரும்பங்கு நெல்மணிக்குப் போவதில்லை, வைக்கோலிலேயே தங்கிவிடுகிறது. நெல்லை விற்பவன் வயலின் சத்தில் ஒரு பகுதியையே விற்கிறான். வைக்கோலையும் விற்பவனோ எரிப்பவனோ மீதிப் பகுதியையும் கைவிடுகிறான்.

இந்தப் பொட்டாஷ் எங்கிருந்து வருகிறது? நமது தேசத்தின் தேவையில் ஏறக்குறைய முழுவதும் கடல் கடந்தே வருகிறது. கனடா, ருஷ்யா, பெலாரஸ், இஸ்ரேல், ஜோர்டான் முதலிய நாடுகளின் சுரங்கங்களையும் உப்பேரிகளையும் நம்பியே நமது வயல்கள் இருந்துவருகின்றன. எங்கோ ஒரு மூலையில் யுத்தம் மூண்டால் நம்மூர் உரக்கடையில் விலை ஏறுகிறது. 2022 ஆம் வருஷத்தில் 50 கிலோ பொட்டாஷ் மூட்டை 1,700 ரூபாய் வரை விற்றதைக் குடியானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்நியச் சரக்கை ஒதுக்குவதே தேசபக்தி என்ற பழைய வாதத்தை நாம் இங்கே புகுத்த விரும்பவில்லை. வேண்டிய உரத்தை வாங்கித்தான் ஆகவேண்டும். ஆனால் கையிலுள்ள பொட்டாஷைத் தீயிட்டுவிட்டு, கப்பலில் வரும் பொட்டாஷுக்காகக் கடன் வாங்குவது எந்தச் சாஸ்திரத்துக்கு ஒத்தது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

‘எரித்தால் சாம்பல் வயலிலேதானே கிடக்கிறது? சாம்பலும் உரந்தானே?’ என்று சில பெரியோர் கேட்கக்கூடும். அவர்கள் சொல்வதில் ஒரு பாதி உண்மை. சாம்பல்சத்து என்னும் பெயரே சாம்பலிலிருந்து வந்ததுதான். ஆயினும் மறுபாதியையும் கேட்க வேண்டும். தீ வைத்ததும் தழைச்சத்து அநேகமாக முழுவதும் காற்றோடு போய்விடுகிறது. மணிச்சத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கும், சாம்பல்சத்தில் ஐந்தில் ஒரு பங்கும் நஷ்டமாகின்றன. மிஞ்சிய சாம்பலை அடுத்த காற்று அள்ளுகிறது. அடுத்த மழை அரிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மண்ணுக்கு உயிர் கொடுக்கும் கரிமப் பொருள் ஒரு நாழிகையில் புகையாகிறது. நான்கு மாதம் வெயிலும் நீரும் மண்ணும் சேர்ந்து உண்டாக்கிய பொருளை ஒரு தீக்குச்சி அழித்துவிடுகிறது.

இதற்கு மாற்று என்ன? மூடாக்கு என்று நம் தோட்டக்காரர்கள் நெடுநாளாக அறிந்த முறையே மாற்று. அறுத்த பயிரின் தாள், வைக்கோல், சோகை, சருகு, கொடி ஆகியவற்றை அகற்றாமலும் எரிக்காமலும் நிலத்தின்மேல் பரப்பிவிடுவதே மூடாக்கு. வெற்றிலைக் கொடிக்காலிலும் இஞ்சி மஞ்சள் பாத்தியிலும் தென்னையின் அடியிலும் இம்முறை புதிதன்று. நெல்லறுத்த வயலில் ஈரம் காயுமுன் உளுந்தும் பச்சைப்பயறும் விதைக்கும் வழக்கத்திலும், தாள் நின்ற இடத்திலேயே அடுத்த பயிர் வளர்கிறது. ‘தாளடி’ என்று ஒரு போகத்துக்கே பெயரிட்டவர்கள் நம் முன்னோர். தாளை மண்ணுக்குரியதாக அவர்கள் எண்ணினார்களேயன்றி எரிக்கவேண்டிய குப்பையாக எண்ணவில்லை.

மூடாக்கிலிருந்து சத்து எவ்வாறு பயிருக்குக் கிட்டுகிறது என்பதைச் சற்று விளக்குவது அவசியம். ஏனெனில் இதைப்பற்றி மிகையான பேச்சும் உண்டு, வீணான அச்சமும் உண்டு. எல்லாச் சத்தும் ஒரே வேகத்தில் வெளிவருவதில்லை. சாம்பல்சத்து வைக்கோலின் நார்ப்பொருளோடு பிணைந்து நிற்பதன்று. அதன் சாற்றில் கரைந்து கிடப்பது. ஆகவே வைக்கோல் மக்கும்வரை அது காத்திருப்பதில்லை. நல்ல மழை ஒன்றிரண்டு பெய்தாலும், இரண்டொரு நீர் பாய்ச்சினாலும் பெரும்பகுதி கரைந்து மண்ணில் இறங்கிவிடும். மூடாக்கின் முதல் வருமானம் இதுவே. அதே பருவத்தில் கைக்கு வரும் வருமானம்.

தழைச்சத்தின் கதை வேறு. வைக்கோலில் கரி மிகுதி, தழைச்சத்து குறைவு. ஒரு பங்கு தழைச்சத்துக்கு 60 முதல் 80 பங்கு வரை கரி இருக்கிறது. அதை மக்கச்செய்யும் நுண்ணுயிர்களுக்கோ ஒரு பங்கு தழைச்சத்துக்குச் சுமார் 25 பங்கு கரியே போதும். எனவே வைக்கோலைத் தின்னப் புகும் நுண்ணுயிர்கள், போதாத தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. விருந்துக்கு வந்தவர்கள் வீட்டாருக்கு வைத்த சோற்றையும் உண்பது போன்றது இது. வைக்கோலை உழுது புதைத்த உடனே நாற்று நட்டவர்கள் பயிர் வெளுத்து நிற்பதைக் கண்டு, ‘வைக்கோல் மண்ணைக் கெடுத்துவிட்டது’ என்று சொல்வதன் காரணம் இதுதான். உண்மையில் அச்சத்து அழிந்து போகவில்லை. நுண்ணுயிர்களின் உடலில் அடைபட்டிருக்கிறது. அவை மடியும்போது மெல்ல மெல்லத் திரும்பி வரும்.

புதைப்பதற்கும் மேலே பரப்புவதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் வெளிப்படுகிறது. மண்ணோடு கலந்த வைக்கோல் எல்லாப் பக்கமும் மண்ணைத் தொடுகிறது, விரைந்து மக்குகிறது, தழைச்சத்தையும் விரைந்து இழுக்கிறது. மேலே கிடக்கும் மூடாக்கோ அடிப்புறம் மட்டுமே மண்ணைத் தொடுகிறது, மெதுவாக மக்குகிறது, மண்ணின் தழைச்சத்தை அவ்வளவாகக் கவர்வதில்லை. ஆகவே மேட்டுப் பயிர்களுக்கு மூடாக்கே ஏற்றது. சேறு கலக்கி நடும் நெல்லுக்கு வைக்கோலை உழுதுவிட வேண்டியிருந்தால், நடவுக்கு மூன்று வாரத்துக்கு முன்னராவது உழுதுவிடுவது நலம். நீர் தேங்கிய சேற்றில் வைக்கோல் அழுகினால் மீதேன் வாயு உண்டாகிறது என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. எந்த நிலத்துக்கு எந்த முறை என்று பகுத்தறிந்து செய்வதே விவசாயம்.

மூலக்குளத்துக்கு வடக்கிலும் மேற்கிலும் கிடக்கும் செம்மண் மேட்டுக்கு மணிச்சத்தைப்பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் மிகுதி. இடுகிற மணிச்சத்தை அவை பற்றிக்கொண்டு பயிருக்குக் கிட்டாமல் செய்துவிடுகின்றன. மூடாக்கு மக்கும்போது உண்டாகும் கரிம அமிலங்கள் அந்தப் பிடியை ஓரளவு தளர்த்துகின்றன. மேலும், சத்து மண்ணில் இருப்பது வேறு, பயிருக்குக் கிட்டுவது வேறு. நீர் இன்றி வேர் எதையும் உண்ண முடியாது. மூடாக்கு வெயிலைத் தடுத்து மண்ணைக் குளிர்விக்கிறது. ஈரம் ஆவியாவதைக் குறைக்கிறது. மழைத்துளி மண்ணை அறைந்து இறுகச் செய்வதைத் தடுக்கிறது. மண்புழுவுக்கு நிழல் தருகிறது. வைகாசி வெயிலில் வெற்று நிலத்தின் மேல்மண் காய்ந்து, அதிலுள்ள சத்து வேருக்கு எட்டாமல் கிடக்கும்போது, மூடிய நிலத்தின் மேல்மண்ணில் வேர் உயிரோடு உலவுகிறது. பெட்டியிலிருக்கும் பணத்துக்குச் சாவி கொடுப்பது போன்றது இது.

இனி, மூடாக்கினால் முடியாததையும் சொல்லிவிடுவோம். அது இரசாயன உரத்தை ஒரே நாளில் வேண்டாததாக்கிவிடாது. தழைச்சத்து விஷயத்தில் அதன் பலன் தெரியச் சில பருவங்கள் ஆகும். சத்துகள் மேல் இரண்டு மூன்று அங்குல மண்ணிலேயே திரண்டு நிற்கும். யூரியாவை மூடாக்கின்மேல் அப்படியே வீசினால், வைக்கோலிலுள்ள நொதியினால் அது அம்மோனியாவாக மாறிக் காற்றில் போய்விடும். ஆதலால் மூடாக்கை விலக்கி, மண்ணில் இட்டு மூட வேண்டும். சணப்பு, தக்கைப்பூண்டு, கொழிஞ்சி, கடலைக் கொடி, பயற்றங் கொடி போன்ற தழைச்சத்து மிகுந்தவற்றை வைக்கோலோடு சேர்த்துப் பரப்பினால் மேலே சொன்ன குறை பெரிதும் நீங்கும். குருத்துப்புழுவோ இலையுறைக் கருகலோ கடுமையாகத் தாக்கிய வயலின் தாளை அப்படியே விட்டுவைப்பதும் தகாது. கறையான் மிகுந்த செம்மண்ணில் மூடாக்கைச் செடியின் தண்டை ஒட்டிப் போடாமல் சற்று விலக்கிப் போட வேண்டும்.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று எவரேனும் சொல்வாராயின், புதுச்சேரிக்கு வடக்கே போய்ப் பார்க்கட்டும். 1968 ஆம் வருஷம் ஆரோவில் தோன்றிய காலத்தில் அம்மேட்டு நிலம் மரமின்றி, மேல்மண் அரிக்கப்பட்டு, மழைதோறும் செந்நீரைக் கடலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. வரப்பு கட்டி மழைநீரை நிறுத்தியதாலும், மரம் நட்டு அதன் சருகை நிலத்திலேயே விட்டதாலும் அங்கே மீண்டும் மண் பிறந்தது. கோயம்புத்தூர் விவசாயக் கலாசாலையில் 1909 ஆம் வருஷம் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை மற்றொரு சாட்சி. அது மூடாக்கைப்பற்றிய பரிசோதனையன்று. எனினும் தொழுவுரம் பெற்ற பாத்திகளில் கரிமப் பொருள் கூடுதலாகத் தங்கியிருப்பதை அது காட்டியிருக்கிறது. மண் வெறும் உப்பை மட்டும் உண்டு வாழ்வதில்லை என்பதே அதன் சாரம்.

இந்தப் பாடத்தை உலகுக்குச் சொன்னதில் இந்தியக் குடியானவனுக்கும் பங்குண்டு. ஆல்பர்ட் ஹோவர்ட் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி 1905 முதல் பூசாவிலும், பின்னர் 1931 வரை இந்தூரிலும் பணிபுரிந்து, பயிர்க்கழிவையும் சாணத்தையும் சேர்த்து மக்கவைக்கும் முறையை வகுத்தார். நம் கிராமத்தாரின் அனுபவத்தைத் தம் ஆசானாக அவர் ஒப்புக்கொண்டார். தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, இயற்கையிடமிருந்து எடுத்துக்கொண்டு எதையும் திருப்பிக் கொடுக்காத பொருளாதாரம் நிலைக்காது என்று 1945 ஆம் வருஷமே எழுதினார். அவ்விருவர் சொன்னதும் இன்றைய மண் பரிசோதனைச் சாலை சொல்வதும் ஒன்றுக்கொன்று முரணல்ல.

பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெற்தாளை எரிப்பதனால் டில்லி நகரம் மூச்சுத் திணறுவதை ஆண்டுதோறும் படிக்கிறோம். 2015 ஆம் வருஷம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அங்கே எரிப்பதைத் தடுத்து உத்தரவிட்டது. அதற்குப் பின்னும் புகை நின்றபாடில்லை. ஏன்? நெல்லுக்கும் கோதுமைக்கும் இடையில் குடியானவனுக்குக் கிடைக்கும் நாட்கள் சொற்பம். கையில் மாற்றுச் சாதனம் இல்லாதவனிடம் தடையுத்தரவு மட்டும் என்ன செய்யும்? லூதியானாவிலுள்ள பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகம் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து, தாளைத் தூக்கி வெட்டி, விதையை ஊன்றி, வெட்டிய தாளையே மூடாக்காகப் பரப்பும் யந்திரத்தை அமைத்தது. 2018 முதல் மத்திய சர்க்கார் இத்தகைய யந்திரங்களுக்கு மானியம் கொடுக்கத் தொடங்கிய பின்னரே வழி சற்றுத் திறந்தது. தண்டனைக்கு முன் சாதனம் என்பதே நாம் கற்கவேண்டிய பாடம். நம் பக்கத்தில் புகை அவ்வளவு பெரிதல்ல. ஆகவே பழக்கம் வேரூன்றுமுன் திருத்துவதும் எளிது.

நம்முடைய குடியானவரை நாம் குறைகூறத் துணியோம். அவர்கள் இடர்ப்பாடு நமக்குத் தெரியும். வைக்கோல் முதலில் மாட்டுக்குரியது. மாடுள்ள வீட்டில் வைக்கோல் சாணமாகி வயலுக்குத் திரும்பியது. அந்தச் சக்கரம் பழுதற்றது. டிராக்டர் வந்து உழவு மாடு போனபின், அறுவடை யந்திரம் வந்து களமும் வைக்கோற்போரும் மறைந்தபின், அந்தச் சக்கரம் அறுந்தது. இன்று வைக்கோல் கட்டு லாரியேறி வெளியூர் போகிறது. அறுவடைக் கடனை அடைக்க அந்தக் காசு உதவுகிறது என்பதும் மெய். மேலும், நிலத்தை ஆண்டுக் குத்தகைக்கு உழுபவன், மூன்றாம் வருஷம் கிடைக்கப்போகும் மண்வளத்துக்காக இவ்வருஷத்து வைக்கோற் காசை ஏன் துறக்க வேண்டும்? வளம் சேர்ப்பவன் ஒருவன், அனுபவிப்பவன் மற்றொருவன் என்றால் எவன் முன்வருவான்? இது மண்ணின் குற்றமுமன்று, உழவனின் குற்றமுமன்று, ஏற்பாட்டின் குற்றம். நிலமுடையோர் குத்தகைக் காலத்தை நீட்டித் தரவும், தாளை நிலத்தில் விட்ட குத்தகைதாரருக்குக் குத்தகையில் சிறிது தள்ளிக் கொடுக்கவும் முன்வர வேண்டும். நஷ்டமில்லாத தர்மம் இது. ஏனெனில் வளம் சேர்வது அவர்கள் நிலத்திலேயே.

அனைத்து வைக்கோலையும் வயலில் விட வேண்டுமென்றும் நாம் கேட்கவில்லை. மாட்டுக்கு வேண்டியதை மாட்டுக்குக் கொடுப்பதே முறை. யந்திரம் அறுத்தபின் நிற்கும் அடித்தாளையும், மாடு தின்னாத கூளத்தையும், கரும்புச் சோகையையும் எரிக்காமல் விட்டாலே பெரும் லாபம். மறுதாம்புக் கரும்பின் வரிசைகளுக்கு நடுவே சோகையைப் பரப்பினால் களை அடங்குகிறது, நீர் மிச்சப்படுகிறது, சத்து திரும்புகிறது. வைக்கோலை விற்கத்தான் வேண்டுமென்றால், விற்றுப்போன சாம்பல்சத்துக்கு ஈடாக எவ்வளவு பொட்டாஷ் இட வேண்டும் என்பதைக் கணக்கிட்டு, அந்தச் செலவையும் கழித்த பின்னரே லாபம் பார்க்க வேண்டும்.

புதுச்சேரி சர்க்காருக்கு நமது விண்ணப்பம் இதுதான். குருமாம்பேட்டில் காமராஜர் பெயரைத் தாங்கிய வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. காரைக்காலில் நேருவின் பெயரைத் தாங்கிய விவசாயக் கலாசாலை இருக்கிறது. பாகூர் வயலிலும் உழவர்கரைச் செம்மண்ணிலும் குடியானவர் நிலத்திலேயே, மூடாக்கு இட்ட பாத்தியையும் இடாத பாத்தியையும் அருகருகே வைத்து, ஐந்து வருஷமாவது தொடர்ந்து சோதித்து, வரவு செலவைத் தமிழில் ஊரார் முன்னிலையில் வாசிக்க வேண்டும். தாள் வெட்டிப் பரப்பும் யந்திரத்தைக் கொம்யூன்தோறும் வாடகைக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். மண் பரிசோதனைச் சீட்டில் உரத்தின் அளவைக் குறிப்பதோடு, தாளை விட்டவருக்கு எவ்வளவு பொட்டாஷ் குறைக்கலாம் என்பதையும் குறிக்க வேண்டும்.

நகரத்தாரின் கடமையும் உண்டு. 2016 ஆம் வருஷத்துத் திடக்கழிவு விதிகள் தெருவில் குப்பை எரிப்பதைத் தடுத்தன. தீ மட்டும் அணையவில்லை. நகரத்துக் குப்பை பல்லாண்டுகளாகக் கொட்டப்பட்டதும் அதே குருமாம்பேட்டில்தான். மண்ணுக்கு மருந்து சொல்லும் நிலையமும், மண்ணுக்கு மருந்தாகவேண்டிய சருகு குப்பையோடு குப்பையாய்க் குவிந்த மேடும் ஒரே ஊரில் இருப்பது நமது நிர்வாகத்துக்குப் பெருமை தருவதன்று. உழவர்கரை நகராட்சியார் சருகைத் தனியே சேகரித்து, பூங்கா மரங்களுக்கும் அண்டைத் தோட்டங்களுக்கும் கொடுக்கலாம். மூலக்குளத்தில் ஒரு தென்னையும் ஒரு வாழையும் உள்ள வீட்டார், வாசலில் கூட்டிய சருகை அவற்றின் அடியில் போடலாம். இதற்கு உத்தரவும் வேண்டாம், மானியமும் வேண்டாம்.

மண் பேசாது, தன் குறையை விண்ணப்பம் எழுதிக் கொடுக்காது. விளைச்சல் குறையும்போதுதான் அதன் முறையீடு நமக்குக் கேட்கிறது. அப்போது காலம் கடந்திருக்கும். வயலில் விளைந்ததில் மணியை நாம் எடுத்துக்கொள்வோம்; மாட்டின் பங்கை மாட்டுக்குக் கொடுப்போம்; மிஞ்சியதை மண்ணுக்கே விட்டுவிடுவோம். இந்த மூன்று பங்கீட்டையும் நேர்மையாகச் செய்கிற ஊரில் பஞ்சம் எளிதில் புகாது. வருகிற அறுவடையிலாவது நம் வயல்களில் தீ வைக்குமுன் ஒரு கணம் கை தயங்குமாக.